வரைகலையில் நிற முரண்

நிறம் என்பது பொருளைச் சார்ந்து நிற்கும் குணங்களுள் ஒன்று என்பது தருக்க நூலார் துணிபு. சிவஞான முனிவர் தமிழிற் பெயர்த்த அன்னம்பட்டரின் தருக்கசங்கிரகத்தைப் பயின்றோர், வெண்மை, கருமை, பொன்மை, செம்மை, பசுமை, புகைமை, சித்திரம் என நிறம் எழுவகைப்படும் என்பதை அறிவர். இவற்றுள் ஏழாவதாகிய சித்திரமே சுவை மிக்கது. பல நிற நூல்களால் நெய்யப்பட்ட ஓர் ஆடையின் நிறம் யாது என்னும் வினாவிலிருந்து அது பிறந்தது. ஆடை ஒரு பொருள்; ஒரு பொருள் முழுவதும் பரந்து நிற்பது அதன் நிறம்; எனவே பல நிறம் விரவிய ஆடைக்குச் சித்திரம் என்னும் தனி நிறம் ஒன்று உண்டு என்று அவர் கொண்டனர். பிற்கால நவ்விய நையாயிகருட் சிலர் இதனை மறுத்துரைத்தனர். அவ்வழக்கு ஈண்டு விரித்தற்பாலதன்று. அவர் எழுப்பிய வினா நிறம் எங்கே தங்குகின்றது என்பது பற்றியது. ஆனால், அதே போன்று பன்னிற நூலையும் ஆடையையும் கையிற் கொண்டு நிறத்தை ஆராய்ந்த பிரான்சிய இரசாயன அறிஞர் ஒருவர் வேறொரு வழியாற் சென்று, இன்று அச்சுத் தொழிலாளர், விளம்பரம் வரைவோர், நூலட்டை அமைப்போர் ஆகிய யாவருக்கும் அடிப்படையாக உள்ள உண்மையொன்றைக் கண்டனர்.

அவ்வறிஞர் மிசேல் இயூஜீன் செவ்ரல் என்பவர். 1786 இற் பிறந்து 1889 இல் தமது 102 ஆவது வயதில் மறைந்தவர். கொழுப்பு வகைகளை ஆராய்ந்து முன்னரே புகழ் பெற்றிருந்த அவர், 1824 இற் பாரிசு நகரத்துக் கோபெலின் அரச நெசவுச்சாலையின் சாயப் பகுதிக்குத் தலைவராக நியமிக்கப்பட்டார். அரண்மனைச் சுவர்களை அலங்கரிக்கும் சித்திரத் திரைகள் அங்கே கம்பளி நூலால் நெய்யப்பட்டன. பதவியேற்ற அவரிடம் பல முறைப்பாடுகள் வந்தன. வெளிறிய நீலம், ஊதா முதலியன விரைவில் மங்குகின்றன என்பது ஒன்று. ஆராய்ந்தபோது அது நியாயமானதே எனக் கண்டார். மற்றொன்று விந்தையானது. நீல ஆடைகளிலும் ஊதா ஆடைகளிலும் நிழல் காட்டுதற்கு இடப்படும் கறுப்பு நூல் வலுவிழந்து தோன்றுகின்றது, ஆதலாற் கறுப்புச் சாயம் தரங்குறைந்தது என நெசவாளர் குறை கூறினர்.

செவ்ரல் உடனே சாயத்தை மாற்ற முற்படவில்லை. பிற சாலைகளிற் சாயமிட்ட கறுப்புக் கம்பளியை வரவழைத்து, கோபெலின் கறுப்போடு வைத்து ஒப்பிட்டார். கோபெலின் கறுப்பு எதற்கும் தாழ்ந்ததாகக் காணப்படவில்லை. எனவே குறை சாயத்தில் இல்லை. அச்சாயத்திற்கு அயலே நின்ற நீலத்திலும் ஊதாவிலுமே உளது என்பது தெளிவாயிற்று. இரசாயனம் தேடிப் புகுந்தவர் கண்ணின் இயல்பைக் கண்டு மீண்டார். 1839 இல் அவர் வெளியிட்ட பெருநூல், நிறங்களின் உடனிகழ் முரண் பற்றிய விதியை விரிவாக எடுத்துரைக்கின்றது. இரு நிறங்களை அடுத்தடுத்து வைத்து ஒருங்கே நோக்குங்கால், அவை தம்முள் எவ்வளவு வேறுபட இயலுமோ அவ்வளவு வேறுபட்டனவாகத் தோன்றும் என்பதே அவ்விதியின் சாரம். இருண்ட நிறத்தின் அயலில் வெளிறிய நிறம் இன்னும் வெளிறும். இருண்டது இன்னும் இருளும். அன்றியும் ஒவ்வொரு நிறமும் தன் எதிர்நிறத்தின் சாயலைத் தன் அயல் நிறத்தின்மேல் ஏற்றும். சிவப்பின் எதிர்நிறம் பச்சை. நீலத்தின் எதிர்நிறம் செம்மஞ்சள். மஞ்சளின் எதிர்நிறம் ஊதா. நீலத்தை அடுத்த கறுப்பின்மேற் செம்மஞ்சட் சாயல் படரவே, அது பழுப்பேறி வலுவிழந்து தோன்றிற்று.

அந்நூலிற் கூறப்படும் வேறொரு நிகழ்ச்சி, இவ்விதி வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதைப் புலப்படுத்தும். துணி வணிகர் சிலர் சிவப்பு, ஊதா, நீலம் ஆகிய ஒரு நிறத் துணிகளை அச்சிடுவோரிடம் கொடுத்து, அவற்றின்மேற் கறுப்புப் பூவேலை அச்சிடுமாறு பணித்தனர். துணிகள் திரும்பி வந்தபோது வணிகர் சினங்கொண்டனர். சிவப்புத் துணியிற் பூக்கள் பச்சையாகவும், ஊதாத் துணியிற் பசுமஞ்சளாகவும், நீலத் துணியிற் செப்பு நிறமாகவும் காணப்பட்டன. கேட்டது கறுப்பு, கிடைத்தது வேறு என்பது அவர் வழக்கு. கூலியும் நாணயமும் இழக்கும் நிலையில் அச்சிட்டோர் நின்றனர். செவ்ரல் செய்தது மிக எளிய செயல். பூ வடிவம் மட்டும் தெரியுமாறு வெட்டிய வெள்ளைக் கடதாசியைத் துணியின்மேல் வைத்து, பின்புல நிறத்தை மறைத்தார். மூன்று துணிகளிலும் பூக்கள் கறுப்பாகவே இருந்தன. பின்னர்க் கறுப்புத் துணித் துண்டுகளை எடுத்து அதே மூவகைத் துணிகளின்மேலும் வைத்துக் காட்டினார். அவையும் அச்சிட்ட பூக்களைப் போலவே நிறம் மாறித் தோன்றின. வணிகரும் பொய் கூறவில்லை, அச்சிட்டோரும் வஞ்சிக்கவில்லை. சிவப்பின்மேற் கறுப்பு கறுப்பாகவே தோன்றவேண்டுமாயின், அக்கறுப்பிற் சிறிது சிவப்பைக் கலத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும் தொழில் நுட்பம். உண்மையைச் சிறிது திரித்தாலன்றி உண்மையாகத் தோன்றாது என்பது நிறவியலின் வேடிக்கைகளுள் ஒன்று.

இதனை மாணவர் தாமே சோதித்தறியலாம். நல்ல சிவப்புக் கடதாசித் துண்டு ஒன்றை அரை நிமிட நேரம் இமையாது நோக்கியபின் வெள்ளைச் சுவரைப் பார்ப்பின், நீலப்பச்சை நிறமான அதே வடிவம் சுவரில் மிதப்பதைக் காண்பர். சிவப்பொளியால் தாக்குண்ட கண்ணின் பகுதி அவ்வொளிக்கு உணர்ச்சி குன்றி நிற்க, வெள்ளொளியில் எஞ்சிய கூறுகளே அங்கே மேம்பட்டுத் தோன்றுகின்றன. இது ஒன்றன்பின் ஒன்றாய் நிகழும் முரண். ஒருங்கே நிகழும் முரணுக்கோ, விழித்திரையின் ஒரு பகுதி தூண்டப்படுங்கால் அது தன் அயற்பகுதிகளின் தூண்டலைத் தணிக்கின்றது என்பது முக்கிய காரணங்களுள் ஒன்று. குதிரைலாட நண்டின் கண்ணில் இத்தணிப்பை அளந்து காட்டிய ஆட்லைன் என்னும் அமெரிக்க அறிஞர் 1967 இல் வேறிருவரோடு நோபெல் பரிசு பெற்றார். கண் ஒளியை அளக்கும் கருவியாக அன்றி, வேறுபாட்டைத் தேடும் பொறியாகவே அமைந்துள்ளது எனலாம்.

ஈண்டு முரண் என்னும் சொல் தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் மோனை, எதுகைகளோடு முரணையும் தொடை வகையுள் ஒன்றாக வைத்தார். தொடுப்பது தொடை. மாறுபட்ட இரண்டை எதிரெதிர் நிறுத்துவதும் ஒருவகைத் தொடுப்பே என்னும் அக்கருத்து, வரைகலைக்கும் அப்படியே பொருந்தும்.

செவ்ரலின் நூல் ஓவியரை ஆட்கொண்ட வரலாறு பலரும் அறிந்தது. புள்ளி புள்ளியாக நிறமிட்டுத் தீட்டிய சேரா அவர்களுள் முதல்வர். வரைகலை பயில்வோர்க்கு இதனை ஒழுங்கான பாடமாக்கியது ஜேர்மனியிலே 1919 இல் வைமார் நகரில் நிறுவப்பட்ட பௌகௌஸ் கலைக்கூடமாகும். அங்கே 1919 தொடக்கம் 1923 வரை கற்பித்த யோகான்னஸ் இட்டன், நிற முரணை எழுவகையாகப் பிரித்தார். நிறவகை, ஒளியிருள், தண்மை வெம்மை, எதிர்நிறம், உடனிகழ்ச்சி, செறிவு, பரப்பளவு என்பன அவை. இறுதியிற் கூறியது பயன் மிக்கது. மஞ்சள் ஒளி மிக்கது, ஊதா இருண்டது. ஆதலால் இரண்டும் சமனிலையில் நிற்கவேண்டுமாயின் மஞ்சள் ஒரு பங்கும் ஊதா மூன்று பங்கும் இடம்பெறல் வேண்டும் என்பர். செம்மஞ்சளுக்கும் நீலத்துக்கும் ஒன்றுக்கு இரண்டு. சிவப்பும் பச்சையும் சரிக்குச் சரி. இவ்வெண்களை மாறாத சூத்திரமாகக் கொள்ளுதல் தகாது. நிறத்தின் செறிவு சிறிது குறையினும் கணக்கு பிறழும். சமனிலையைக் குலைத்துப் பார்ப்போர் கண்ணை ஓரிடத்திற்கு இழுப்பதே சில விளம்பரங்களின் நோக்கமாகவும் இருக்கும்.

அதே கலைக்கூடத்தில் மாணவராகச் சேர்ந்து ஆசிரியராக உயர்ந்த யோசெவ் அல்பேர்ஸ் இன்னும் ஒருபடி மேலே சென்றார். 1933 இற் பௌகௌஸ் மூடப்பட்டபின் அமெரிக்கா சென்று, கற்பித்தலிலேயே வாழ்நாளைக் கழித்து, 1963 இல் நிறங்களின் இடைவினை பற்றிய தமது நூலை வெளியிட்டார். வகுப்பில் அவர் மாணவர்க்குத் தூரிகையைக் கொடுக்கவில்லை. நிறக் கடதாசித் துண்டுகளையே கொடுத்தார். மை குழைப்பதில் நேரம் கழியும், ஒரே நிறத்தை இருமுறை பெறுதலும் அரிது என்பது அவர் கருத்து. ஒரே கடதாசியின் இரு துண்டுகளை இரு வேறு பின்புலங்களில் ஒட்டி, அவை இரு வேறு நிறங்களெனத் தோன்றச் செய்க என்பது ஒரு பயிற்சி. வேறான இரு கடதாசிகளை ஒரே நிறமெனத் தோன்றச் செய்க என்பது அதனினும் கடினமான மறுபயிற்சி. நிறக் கோட்பாட்டை முதலிற் படித்துப் பின் பழகுவதைவிட, கண் ஏமாறுவதைக் கண்ணாற் கண்டபின் கோட்பாட்டுக்கு வருதலே அவர் கையாண்ட முறை. கல்வி முறை என்ற அளவில் நோக்கினும் இது போற்றத்தக்கதே.

இனி, எழுத்துக்கும் நிறத்துக்கும் உள்ள தொடர்பிலேதான் வரைகலை ஓவியத்தினின்றும் பிரிகின்றது. ஓவியம் மங்கலாயினும் ஓவியமே. வாசிக்க இயலாத அறிவிப்பு அறிவிப்பன்று. நிறத்துக்கு மூன்று கூறுகள் உள என அமெரிக்க ஓவிய ஆசிரியர் மன்செல் 1905 இல் வகுத்துரைத்தார். சிவப்பு, பச்சை என்றவாறு பெயர் பெறும் நிறவகை ஒன்று. வெண்மைக்கு அண்மையதோ கருமைக்கு அண்மையதோ என்னும் துலக்கம் ஒன்று. அழுத்தமானதோ சாம்பல் கலந்ததோ என்னும் செறிவு மற்றொன்று. இவற்றுள் எழுத்தை வாசிக்கச் செய்வது பெரும்பாலும் துலக்க வேறுபாடே. நிறவகை எத்துணை மாறுபட்டு நிற்பினும், துலக்கம் ஒத்திருப்பின் எழுத்தின் விளிம்பு கண்ணுக்குப் பிடிபடாது. செம்பச்சைப் பின்புலத்தில் அதே துலக்கமுள்ள சிவப்பெழுத்தை இட்டுப் பார்ப்பின், விளிம்புகள் துடிப்பது போலத் தோன்றிக் கண்ணை வருத்தும். இரண்டும் எதிர்நிறங்கள், ஆதலால் முரண் மிக்கன, ஆதலால் நன்கு தெரியும் என்று எண்ணுதல் தொடக்க மாணவர் யாவரும் செய்யும் பிழை.

இவ்வுண்மையை ஐரோப்பியர் விஞ்ஞானம் தோன்றுமுன்னரே பட்டறிவாற் கண்டிருந்தனர். 12 ஆம் நூற்றாண்டளவில் அங்கே வீரர் தம் கேடயங்களிற் குலச்சின்னம் தீட்டும் வழக்கம் எழுந்தது. அச்சின்னங்களுக்குரிய நிறங்கள் இரு கூட்டமாக வகுக்கப்பட்டன. பொன்னும் வெள்ளியும் உலோகங்கள். நடைமுறையில் மஞ்சளும் வெண்மையும். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, நாவல் என்பன நிறங்கள். உலோகத்தின்மேல் உலோகமும் நிறத்தின்மேல் நிறமும் வைத்தலாகாது என்பது விதி. வெளிறியதன்மேல் இருண்டதும் இருண்டதன்மேல் வெளிறியதுமே வரும். போர்க்களத்துப் புழுதியில் தொலைவிலிருந்து அடையாளங் காணுதல் எளிதாகும். வெள்ளியின்மேற் பொற்சிலுவைகளைக் கொண்ட எருசலேம் அரசின் சின்னம் இவ்விதிக்குப் பேர்போன புறனடை.

பழைய விதியை இன்று எண்களால் அளக்கலாம். கணினித் திரையில் வரும் பக்கங்களுக்கென 2008 இல் வெளியிடப்பட்ட அனைத்துலக வழிகாட்டு நெறிகள், எழுத்தின் துலக்கத்துக்கும் பின்புலத்தின் துலக்கத்துக்கும் உள்ள விகிதம், சாதாரண அளவு எழுத்துக்கு 4.5 இற்குக் குறைதலாகாது என விதிக்கின்றன. முதுமையிற் காணப்படும் அளவான பார்வைக் குறைவையும் எண்ணியே அவ்வெண் தெரியப்பட்டது. வெள்ளையின்மேற் கறுப்புக்கு அவ்விகிதம் 21. அதற்கு மேற்பட்டது இல்லை. வெள்ளையின்மேல் முழு நீலம் 8.6, முழுச் சிவப்பு 4 அளவிலேயே நின்றுவிடும், முழுப் பச்சை 1.4, மஞ்சளோ 1.07, அஃதாவது இல்லை என்றே கூறலாம். அதே மஞ்சளைக் கறுப்பின்மேல் வைப்பின் விகிதம் 19.6 ஆக உயரும். முழுப் பச்சையின்மேல் முழுச் சிவப்பு 2.9 மாத்திரமே. மஞ்சளை மங்கலான நிறமென்றோ நீலத்தைத் தெளிவான நிறமென்றோ தனித்துக் கூறுதல் பொருளற்றது என்பதை இவ்வெண்களே உணர்த்தும்.

துலக்க வேறுபாட்டை நம்பவேண்டியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அணுக்கொள்கையால் எல்லா மாணவரும் அறிந்த ஜோன் தாற்றன், 1792 இல் ஒருநாள் செரேனியம் மலரொன்றை மெழுகுதிரி ஒளியில் நோக்கினார். பகலில் தமக்கு வான்நீலமாகத் தோன்றிய அம்மலர் இரவிற் சிவப்பாகத் தோன்றியது கண்டு வியந்து, நண்பர்களை வினாவினார். அவர்கட்கு அம்மாற்றம் தோன்றவில்லை. அவருடைய சகோதரருக்கு மாத்திரம் அவ்வாறே தோன்றிற்று. 1794 இல் இதனை மன்செஸ்ரர் நகரத்துக் கழகமொன்றில் எடுத்துரைத்தார். நிறக்குருடு பற்றி எழுந்த முதல் விஞ்ஞான ஆராய்ச்சிகளுள் அஃது ஒன்று. தம் கண்ணினுள் உள்ள பாயம் நீல நிறமாயிருப்பதே காரணம் என்று கருதிய அவர், தாம் இறந்தபின் கண்ணை ஆராயுமாறு பணித்தார். 1844 இல் அவ்வாறே செய்தபோது பாயம் நீரெனத் தெளிந்திருந்தது. பேணி வைக்கப்பட்ட அக்கண்ணின் பரம்பரைக் கூற்றை 1995 இல் ஆராய்ந்தோர், பச்சை ஒளிக்குரிய கூம்புக் கலங்களின் நிறப்பொருள் அவரிடத்து இல்லையெனக் கண்டனர்.

வட ஐரோப்பிய வழிவந்த ஆடவருள் நூற்றுக்கு ஏறக்குறைய எண்மர் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் ஏதேனும் குறையுடையோர். பெண்டிருள் இருநூற்றுக்கு ஒருவர். குறைக்குரிய கூறு எக்ஸ் நிறமூர்த்தத்தில் அமைந்துள்ளமையால் ஆடவரிடத்தே இது மிகுந்து காணப்படுகின்றது. நாற்பது ஆண் மாணவர் இருக்கும் வகுப்பொன்றில் இத்தகையோர் மூவர் இருத்தல் கூடும். அவர்களுட் பலர் அதனைத் தாமே அறியார். தேசப்படத்தில் ஒரு மாகாணம் சிவப்பாலும் அடுத்தது பச்சையாலும், ஒத்த துலக்கத்தில் தீட்டப்படின், அம்மாணவனுக்கு எல்லைக்கோடு மறைந்து போகும். அவனுடைய விடை பிழைக்கும். ஆசிரியர் கவனக்குறைவென்று கடிவார். கரும்பலகையிற் சிவப்புச் சுண்ணக்கட்டியால் எழுதுவதும் இவ்வாறே. வீதி விளக்குகளிற் சிவப்பு மேலும் பச்சை கீழுமாக என்றும் ஒரே ஒழுங்கில் அமைந்திருப்பது இத்தகையோர்க்குப் பேருதவி. நிறம் சொல்வதை இடமும் சொல்லுகின்றது.

இவையனைத்தும் ஒருங்கே பொருந்திய வரைகலைப் பணி ஒன்றைக் காட்டவேண்டுமாயின், பிரித்தானிய வீதிப் பலகைகளைக் காட்டலாம். 1958 இற் பிறெஸ்ரன் நகரின் புறத்தே அந்நாட்டின் முதல் அதிவேகப் பாதை திறக்கப்பட்டபோது, விரைந்து செல்லும் சாரதி தொலைவிலேயே வாசிக்கத்தக்க பலகைகள் வேண்டப்பட்டன. ஜொக் கினியர் என்பாரும் அவருடைய மாணவியாயிருந்து துணைவராகிய மார்கறெற் கல்வேட் என்பாரும் அவற்றை வகுத்தனர். அதிவேகப் பாதைகளுக்கு நீலப் பின்புலத்தில் வெள்ளை எழுத்து. பின்னர் ஏனைய வீதிகளுக்கும் பலகைகள் அமைத்தபோது, முதன்மை வீதிகளுக்குக் கரும்பச்சையின்மேல் வெள்ளையும், சிறு வீதிகளுக்கு வெள்ளையின்மேற் கறுப்பும் விதிக்கப்பட்டன. 1965 முதல் அம்முறை நடைமுறைக்கு வந்தது. பழைய கேடயங்களின் விதி இங்கே வழுவாது நிற்பதைக் காணலாம். இருண்டதன்மேல் வெளிறியது, அல்லது வெளிறியதன்மேல் இருண்டது. பலகையின் நிறம் வீதியின் வகையை உணர்த்தும். அதனை உணராதவனும் எழுத்தை வாசிப்பான். பச்சைப் பலகைகளில் வீதியின் இலக்கம் மட்டும் மஞ்சளில் எழுதப்பட்டது. மஞ்சளும் வெண்மையும் துலக்கத்தில் அண்மையனவாதலின் இரண்டும் பச்சையின்மேல் ஒருசேரத் தெளிவாக நின்றன; நிறவகையால் வேறுபட்டமையின் ஊர்ப்பெயரும் இலக்கமும் ஒன்றோடொன்று மயங்கவில்லை.